பதினோரு மடக்குத் தண்ணீர்

அத்தியாயம் 17

அரையிறுதி ஆட்டத்து வர்ணனையின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்த வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுவோம். ஒரு வாரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த வாசகர்கள் இப்போது விடலாம்.

ஆஸ்பத்திரியில் நாலு பேர் சேர்ந்து பரிசோதித்தார்கள். இதயம் கல்லுக்குண்டு போல இருந்தது. வயிற்றுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டிய அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைச் சுட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதுவே இன்னும் நாலு விரற்கடை ஏறித் தொண்டையைத் தொட்டபோது குரல் உடைந்துவிட்டது.

“நெஞ்செரிச்சல்தான். அல்ஜினேட்னு ஒரு சிரப் இருக்கு, சீட்டில்லாமலே மருந்துக்கடையில குடுப்பாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் குடிங்க. ரெண்டு வாரம் பார்ப்போம். கேக்கலேன்னா திரும்பி வாங்க” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அந்த இரண்டு வாரம் இன்றோடு முடிகிறது. சிரப்பும் கேட்கவில்லை, மனிதரும் திரும்பிப் போகவில்லை. விடிந்தால் ஞாயிறு, இறுதி ஆட்டம் என்றிருந்த ஞாயிறு விடிந்தே விட்டது.

வெண்கலம் என்பது அவருடைய பெயரல்ல, குரல். முப்பத்தொரு வருடமாக வானொலியில் கால்பந்து வர்ணனை. அவர் ‘கோல்’ என்று கத்தினால் அடுத்த தெருவில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும் என்பார்கள். அரையிறுதியில் அந்தக் குரல் கிழிந்த துணியாகி நின்றதைக் கேட்ட நிலைய மேலாளர், ஆஸ்பத்திரிக்கே பழக்கூடையோடு வந்து, மிக மரியாதையாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

“இறுதி ஆட்டத்துலயும் இப்படி ஆச்சுன்னா, அடுத்த பருவத்துலேர்ந்து முதல் மைக் உங்க பையனுக்கு. குடும்பத்துக்குள்ளதானே சார் இருக்கப் போகுது?”

பையன் என்பது இரண்டாவது மைக். ஆட்டக்காரர்களின் எண்ணும் புள்ளிவிவரமும் வாசிப்பவன். அன்றிலிருந்து அவன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்தக் குடும்பத்தில் மருந்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், அந்தப் பையனின் மனைவி. கடைத்தெரு முனையிலிருக்கும் மருந்துக்கடையில் மருந்தாளுநர். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

ஆறு வாரத்துக்கு முந்தைய அந்தக் கதையும் பலருக்குத் தெரியும். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை கேட்டு, நேராகக் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார் வெண்கலம். பின்னால் ஐந்து பேர் வரிசையில். மருமகள் தலை நிமிராமலே, “வரிசையில வாங்க மாமா. சீட்டு இருக்கா? இது வயித்தைப் புண்ணாக்குற மாத்திரை, சீட்டில்லாமத் தர மாட்டேன்” என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சொன்ன இடம்தான் தப்பு.

அன்று முதல் வெண்கலம் மருமகளோடு பேசுவதில்லை. சிரப்பைக்கூட இரண்டு தெரு தள்ளியிருந்த போட்டிக் கடையில் வாங்கினார். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று அர்த்தம்.

*

வாரத்தில் ஏழு நாளும் மருமகள் ஏழு மணிக்கே கடைக்குக் கிளம்பிவிடுவாள். மாமனார் சாப்பிடுவது எட்டுக்கு. அதனால் இத்தனை நாள் கண்ணில் படாத ஒரு காட்சி, இன்று விடுமுறை போட்டதால் கண்ணில் பட்டது.

வெண்கலம் காலை உணவை முடித்தார். மாமியார் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, இரண்டு கரண்டி சிரப்பை ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முகத்தைச் சுளித்தார். அடுத்த நொடி, கைக்குத் தயாராக இருந்த பெரிய லோட்டா நிறைய வெந்நீர் அவர் வாய்க்குப் போனது. மடக் மடக்கென்று அடி வரை.

மருமகள் கையிலிருந்த காபி அந்தரத்தில் நின்றது.

“அத்தை! என்ன பண்றீங்க?”

“என்ன பண்றேன்? மருந்து பிசுபிசுன்னு தொண்டையில ஒட்டுதாம். தண்ணி குடுத்து எறக்கி விடுறேன்.”

“தினமுமா?”

“மூணு வேளையும். ராத்திரி படுக்கும்போதும் ஒரு லோட்டா. மருந்து குடிச்சா தண்ணி குடிக்கணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. காபியை வைத்துவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, இந்த மருந்து மத்த மருந்து மாதிரி இல்ல. இது கடல்பாசிலேர்ந்து எடுக்குறது. வயித்துக்குள்ள போனதும் நுரைச்சுக்கிட்டு, சாப்பாட்டு மேல ஒரு படலமா மிதக்கும். மூடி போட்ட மாதிரி. அமிலம் மேல ஏற வந்தா முட்டிக்கிட்டுத் திரும்பிடும்.”

“பால் மேல ஆடை கட்டுமே, அது மாதிரியா?”

“அதே! அந்த ஆடை மேல ஒரு லோட்டா தண்ணியை ஊத்தினா?”

மாமியார் ஒரு கணம் யோசித்தாள். நாற்பது வருடம் பால் காய்ச்சிய கை. அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. லோட்டாவை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

“கலைஞ்சு போயிடும்” என்றாள். “ரெண்டு வாரமா நான்தான் கலைச்சுக்கிட்டு இருந்தேனா?”

“உங்களுக்கு யாரு சொன்னா? குடிச்ச அப்புறம் அரை மணி நேரம் எதுவும் உள்ள போகக் கூடாது, அத்தை. பாட்டில்லயே போட்டிருக்கு.”

எதிரே, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சுவரைப் பார்த்துப் பேசியது.

“தொண்டையை வெச்சுப் பொழைக்கிறவனுக்குத் தண்ணி குடிக்காதேன்னு யோசனை சொல்ல, படிச்சிருக்கணும் போல.”

“கேட்டுக்கோங்க அத்தை” என்றாள் மருமகள். அவளும் சுவரைப் பார்த்தே சொன்னாள். “தண்ணியே குடிக்காதேன்னு யாரும் சொல்லல. மருந்துக்கு அப்புறம் அரை மணி நேரம் பொறுக்கணும்னுதான் சொல்றேன்.”

“தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதேங்குறியே” என்று மாமியார் நடுவில் தவித்தாள்.

இருந்தாலும் மருமகளுக்கு ஓடியது மருந்தாளுநர் மூளை. சீட்டில்லாமல் இந்த சிரப்பைக் கொடுக்குமுன் கடையில் யாரிடமும் நாலு கேள்வி கேட்காமல் அவள் விட்டதில்லை. தன் வீட்டு ஆளிடம் மட்டும் கேட்கவில்லை. இப்போது கேட்டாள், தூது வழியாகத்தான்.

“அத்தை, மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு இல்லையே? இந்த மருந்துல உப்பு உண்டு.”

“அதெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரியிலயே பார்த்தாங்க.”

“அந்த மூட்டுவலி மாத்திரை இப்பவும் போடுறாரா?”

“இல்ல. கோவத்துல அதையும் விட்டாச்சு.”

“ரத்தமா வாந்தி? மலம் கறுப்பா போறது?”

“ச்சீ, அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?”

செய்தித்தாள் சலசலத்தது. “இல்லேன்னு சொல்லு.”

“எடை குறைஞ்சிருக்கா?”

“அந்த பெல்ட்டைப் பாரு. குறைஞ்ச மாதிரியா இருக்கு?”

பெல்ட்டைப் பார்க்காமலிருக்க முடியாது. முப்பத்தொரு வருடத்துக்கு முன் முதல் இறுதி ஆட்டத்துக்குக் கட்டிய ராசி பெல்ட். இடுப்பு வளர்ந்தது, பெல்ட் வளரவில்லை. இறுதி ஆட்டம் என்றால் மூச்சை உள்ளே இழுத்துக் கடைசி ஓட்டையில் மாட்டியே தீர்வார்.

“கடைசியா ஒண்ணு. விழுங்குறப்ப சாப்பாடு அடைக்குதா?”

“அடைக்குறதா? நேத்து ராத்திரி நாலு ரொட்டி உள்ள போச்சு. நல்லாக் கேட்டே போ!”

செய்தித்தாள் இந்த முறை அசையவில்லை. மருமகள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

*

பிடிவாதக்காரரை வழிக்குக் கொண்டுவர அவருடைய பாஷையிலேயே பேச வேண்டும். மருமகள் ஒரு தாளை எடுத்தாள். ஆட்ட நாளில் வர்ணனையாளர் கையில் இருக்குமே, நிமிடம் நிமிடமாகக் கோடு போட்ட தாள், அதே மாதிரி எழுதினாள்.

பன்னிரண்டரை, சாப்பாடு, அரை வயிறு. ஒரு மணி, சிரப் இரண்டு கரண்டி. ஒன்றிலிருந்து ஒன்றரை வரை தண்ணீர் இல்லை, குனிவது இல்லை, படுப்பது இல்லை. மூன்று மணி, ஆட்டம் தொடக்கம், தண்ணீர் உண்டு. மூன்றே முக்கால், இடைவேளை, இரண்டு பிஸ்கட். நாலு அடிக்க ஐந்து, சிரப். அதற்குப் பிறகு ஆட்டத்தின் எழுபதாவது நிமிடம் வரை ஒரு சொட்டு கிடையாது. கீழே அடிக்கோடு போட்டு, ‘பெல்ட்: இரண்டு ஓட்டை தளர்த்துக’ என்றும் சேர்த்தாள்.

அதை அவருடைய கோப்பின்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் துணி மடிக்கப் போனாள்.

பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், வெண்கலம் கதவைச் சாத்திக்கொண்டு மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்! மருமகள் துணி மூட்டையோடு அறைக்கு ஓடிக் கணவனைப் பிடித்து உலுக்கினாள்.

“படிக்கிறார்! உங்கப்பா படிக்கிறார்!”

கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது.

“கேக்குமா அந்த மருந்து?”

“கேக்கும்னுதான் நினைக்கிறேன்.” அவன் முகத்தைப் பார்த்தாள். “கேக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா?”

அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

“பத்து வருஷமா நம்பர் வாசிக்கிறேன். ஒரு நாளாவது ‘கோல்’னு கத்தணும்னு ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனா அவர் தொண்டை உடைஞ்சு எனக்கு வர்றதுன்னா...” அவன் கடைசிப் பொத்தானைப் போட்டான்.

மதிய உணவு அரை வயிறாக முடிந்தது. ஒரு மணிக்கு சிரப். லோட்டா வரவில்லை. வெண்கலம் வலது கையைப் பழக்கதோஷத்தில் நீட்டினார், வெறும் காற்றைப் பிடித்தார், இழுத்துக்கொண்டார். ஒன்றரை வரை கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஏப்பம் வந்தது, எரிச்சல் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இரண்டு வாரத்தில் முதல்முறையாக, சாப்பிட்டு அரை மணி கழிந்தும் கை நெஞ்சுக்குப் போகவில்லை.

“மூடி நிக்குதுங்க!” என்று மாமியார் கத்தியே விட்டாள்.

பெல்ட் விஷயத்தில் மட்டும் ஆள் மசியவில்லை. மூச்சை இழுத்துக் கடைசி ஓட்டையிலேயே மாட்டினார்.

கிளம்பும்போது மாமியார், வழக்கம்போல பிளாஸ்க்கை அவர் தோளில் மாட்டிவிட்டாள். மருமகள் கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலைத் திணித்தாள்.

“இது நீ வெச்சுக்கோ. நேரம் பார்த்து.”

“எனக்கா அத்தை?”

“வெச்சுக்கோன்னேன்.” மாமியார் மைதானத்துக்கு வருவதே இல்லை. வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்கு ஆட்டம்.

*

வர்ணனைக் கூண்டு, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சு விட முடியாத அறை. முன்னால் கண்ணாடி, கீழே பச்சை மைதானம், மேசையில் பஞ்சுத் தொப்பி போட்ட இரண்டு மைக்குகள், சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. பின்சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு மேலாளர். மூலையில் ஒரு முக்காலியில் மருந்துப் பையோடு மருமகள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம் நேயர்களே!”

அடடா! மருமகளுக்கு உடம்பு சிலிர்த்தது. வெண்கலம் என்றால் வெண்கலம்தான். கண்ணாடி அதிர்ந்ததோ என்னவோ, அவள் நெஞ்சு அதிர்ந்தது.

முதல் பாதி பறந்தது. நீலச் சட்டைகள் ஒரு கோல் போட்டார்கள். சிவப்புச் சட்டைகள் திருப்பிப் போட்டார்கள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை வெண்கலத்தின் கை பிளாஸ்க் மூடிக்குப் போகும், ஒரு மடக்கு, வாக்கியம் அறுபடாமலே மூடி திரும்பும். அது ஒரு வித்தை. மருமகள் விரல்விட்டு எண்ணினாள். பதினோரு மடக்கு.

இடைவேளையில் மேலாளர் பொரித்த தீனியும் காபியும் வரவழைத்தார். முப்பத்தொரு வருட வழக்கம். வெண்கலம் தட்டைப் பார்த்தார், தட்டு வெண்கலத்தைப் பார்த்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு இரண்டு பிஸ்கட்டை எடுத்தார். நாலு அடிக்க ஐந்து என்றதும் மருமகள் பாட்டிலைக் குலுக்கி, கரண்டியை மேசையில் வைத்தாள். அவர் அவளைப் பார்க்காமல் எடுத்துக் குடித்தார்.

“இது இன்னிக்கு மூணாவது வேளை. நாலுக்கு மேல கூடாது” என்று அவள் கணவனிடம் சொன்னாள்.

“நாலாவது படுக்கும்போது” என்றார் வெண்கலம், கண்ணாடியைப் பார்த்து. தாளை மனப்பாடம் செய்துவிட்டார்!

இரண்டாம் பாதி. ஒன்றுக்கு ஒன்று. ஐம்பதாவது நிமிடம், ஐம்பத்தைந்து. ஆட்டம் சூடுபிடிக்கச் சூடுபிடிக்க வெண்கலம் மேசைமேல் குனிந்துகொண்டே போனார். பெல்ட் வயிற்றை இரண்டாக மடித்தது. அறுபதாவது நிமிடம், சிவப்பு ஒன்பதாம் எண் பந்தை வெட்டி வெட்டி எடுத்துப் போகிறான்.

“ஒருவரைக் கடந்தார், இருவரைக் கடந்தார், இதோ, இதோ...”

குரல் கரகரத்தது.

கை தானாகப் பிளாஸ்க்குக்குப் போனது. மருமகள் முக்காலியிலிருந்து பாதி எழுந்தாள். வேண்டாம் மாமா, இன்னும் பத்து நிமிடம்! கத்த முடியாது, சிவப்பு விளக்கு எரிகிறது. அவர் மூடியைத் திறந்தார், வாயில் கவிழ்த்தார்.

ஒரு சொட்டு வரவில்லை.

பிளாஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். காலி. முதல் பாதிக்குப் பதினோரு மடக்கு, அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வீட்டில் ஊற்றப்படவில்லை.

வானொலியில் மௌனம். ஒரு நொடி. இரண்டு நொடி. மேலாளர் சுவரை விட்டு முன்னால் வந்தார். இரண்டாவது மைக்கை நோக்கி விரலைச் சொடுக்கினார். நீ எடு!

கணவன் மைக்கைப் பார்த்தான். பத்து வருட ஆசை ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒன்பதாம் எண் கீழே ஓடிக்கொண்டிருந்தான்.

அவன் குனிந்தான். மேசைக்கு அடியில் கையை விட்டு, அப்பாவின் ராசி பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒரு ஓட்டை, இரண்டு ஓட்டை, கொக்கியே கழன்றுவிட்டது. வெண்கலம் நிமிர்ந்தார். மூச்சு அடிவயிறு வரை போனது.

“...இதோ அடித்தார், பந்து கம்பத்தில் பட்டு வெளியே!” என்று வெடித்தார். பிறகு ஊரே கேட்கச் சிரித்தார். “நேயர்களே, நடுவிலே ஒரு நொடி தடங்கலுக்கு வருந்துகிறேன். என் பிளாஸ்க் காலி! வீட்டிலே ஒருத்தர் மடக்குக் கணக்குப் பார்த்து ஊற்றியிருக்கிறார். முப்பத்தொரு வருடமாக நான் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறேன் என்று வானொலிக்குள்ளே காதை வைத்து எண்ணியிருக்கிறார், அம்மணி!”

மருமகளுக்கு இங்கே கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த சின்னப் பாட்டிலின் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

எழுபதாவது நிமிடம். கடிகாரத்தை இரண்டு தடவை சரிபார்த்து, எழுந்து போய், பாட்டிலை அவர் முன்னால் நீட்டினாள். ஆறு வாரமாக அவள் கையால் ஒரு பொருள் வாங்காத மனிதர். கண் மைதானத்தில் இருக்க, கை நீண்டது. வாங்கிக்கொண்டது. ஒரு மடக்கு. குரல் திரும்பி வந்தது, புதுசாகத் துலக்கின பாத்திரம் மாதிரி.

தொண்ணூறாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இடப்புறத்திலிருந்து உயரப் பந்து. ஒன்பதாம் எண் எகிறுகிறான். தலை!

“கோ.............ல்!”

எத்தனை நொடி? கணவன் வாய் பிளந்து எண்ணினான், பதினேழு. மேலாளர் கையைக் கட்டியிருந்ததை மறந்து தட்டினார். மருமகள் முக்காலிமேல் ஏறிக் குதித்தாள். குரல் உடையவில்லை, கிழியவில்லை, கரகரக்கவில்லை. அந்தக் கூச்சலின் நடுவே வெண்கலம் ஒரு கையால் மைக்கையும் மறு கையால் அவிழ்ந்த கால்சட்டையையும் பிடித்துக்கொண்டிருந்தார். வானொலி என்பதால் மானம் தப்பியது.

பிறகு செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தன் மைக்கை மகன் பக்கம் தள்ளினார்.

“மறுபடி ஒரு தடவை அந்த கோலை நேயர்களுக்கு என் மகன் வர்ணிப்பார்.”

அவன் வர்ணித்தான். நல்ல குரல்தான், கொஞ்சம் நடுங்கியது.

*

சிவப்பு விளக்கு அணைந்ததும் மேலாளர் கேக்கோடு வந்தார். “நாற்காலி உங்களோடதுதான் சார். யாரு அசைக்க முடியும்?”

கணவன் அப்பாவைக் கட்டிக்கொண்டான். வெண்கலம் மருமகள் பக்கம் திரும்பினார். சுவர் இல்லை, தூது இல்லை, நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, உன் கையெழுத்து ரொம்ப மோசம். எழுபதா நாற்பதான்னே தெரியல.”

“கண்ணாடி போட்டுமா தெரியல?”

“பார்த்துட்டியா?” வெண்கலம் வெட்கப்பட்டு நாம் பார்த்ததே இல்லை. பேச்சை மாற்ற, கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டார்.

மருமகள் சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மென்றார். விழுங்கினார். மோவாய் லேசாக மேலே போனது. கண் ஒரு நொடி நிலைகுத்தியது. மறுபடி விழுங்கினார். நெஞ்சின் நடுவே இரண்டு விரலை வைத்துக் காத்திருந்து, பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு குடித்த பின்தான் முகம் தெளிந்தது.

கடையில் இந்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“மாமா. சாப்பாடு நின்னு நின்னு இறங்குதா?”

“அது கொஞ்ச நாளா அப்படித்தான். ரொட்டி, கறித்துண்டு இந்த மாதிரி கெட்டியா இருந்தா ஒரு நிமிஷம் நிக்கும். தண்ணி குடிச்சா போயிடும்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அவர் நெஞ்செரிச்சலைத்தான் கேட்டார்.”

“காலையில நான் கேட்டேனே மாமா!”

வெண்கலம் கேக் தட்டைக் கீழே வைத்தார்.

“நீ எங்க என்னைக் கேட்டே? உங்க அத்தையைத்தானே கேட்டே.”

அடி விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் நேருக்கு நேர் கேட்ட கேள்வி. இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த சொந்த மாமனாரிடம் கேட்க வாய் வரவில்லை. ரோஷம் பார்த்தது அவர் மட்டும்தானா?

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி” என்றாள். “உள்ள கேமரா விட்டுப் பார்ப்பாங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா பார்த்தே ஆகணும். இது சிரப்பால ஆகிற காரியம் இல்ல.”

“அங்க பெரிய வரிசையா இருக்குமே.”

“நானும் நிக்கிறேன். உங்க கூட, அதே வரிசையில.”

அவர் தலையை ஆட்டினார். மறுப்பு சொல்லவில்லை. அதுவே அவளை இன்னும் பயமுறுத்தியது.

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்ததும் மாமியாரின் சந்தோஷம் கூண்டு முழுக்கக் கேட்டது.

“கேட்டேன்டி, கேட்டேன்! ஊருக்கே சொல்லிட்டாரே மனுஷன், என் மடக்குக் கணக்கை! தெருவுல எல்லாரும் வந்து நிக்கிறாங்க! நல்லாருக்காருல்ல? வேற ஒண்ணுமில்லையே?”

வெண்கலம் உதட்டின்மேல் விரலை வைத்தார். சொல்லாதே.

மருமகள் அந்த விரலைப் பார்த்தாள். காலையில் கடைசிக் கேள்விக்கு அசையாமல் நின்ற செய்தித்தாள் ஞாபகம் வந்தது. கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க மாமா. இனிமே ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்ல வேண்டாம்.”

ஊரையே எழுப்பிய மனிதர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

“என்னங்க?” என்றாள் மறுமுனையில் மாமியார். “லைன்ல இருக்கீங்களா? என்னங்க, கேக்குதா?”